பொய்ப் பதிப்பும் மெய்ப் பதிப்பும்

நாம் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் கணினியும் கைத்தொலைபேசியும் ஒரு வகையில் ஏனையவற்றினின்றும் வேறுபட்டவை. அரிவாளும் கடிகாரமும் வாங்கிய நாளில் எவ்வாறிருந்தனவோ அவ்வாறே தேயுமளவும் இருப்பன. கணினியோ வாங்கிய பின்னரும் மாறிக்கொண்டேயிருக்கும். அதனை இயக்கும் மென்பொருளை ஆக்கியோர் பிழை களைந்தும் புதியன சேர்த்தும் பதிப்புக்கு மேற் பதிப்பாக வெளியிட்டு வருகின்றனர். ஆதலின், புதிய பதிப்பு வந்துளது, ஏற்றுக்கொள்க என்னும் அழைப்பு நம் கண்முன் அடிக்கடி தோன்றுகின்றது. அவ்வழைப்பு மெய்யாயின் ஏற்றல் நன்று. பொய்யாயின் ஏற்றல் பெருங்கேடு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. இணையம் பொதுமக்கள் கைக்கு எட்டுமுன்னரே, 1980 ஆம் ஆண்டுகளில், தொலைபேசிக் கம்பி வழியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொண்ட அமெரிக்கக் கணினி ஆர்வலரிடையே இது தோன்றிவிட்டது. அக்காலத்து ஏமாற்றுகள் அமைப்பில் எளியவை. எளிய எடுத்துக்காட்டிலேதான் நோயின் இயல்பு தெளிவாகப் புலப்படும். ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

அறிவித்தற் பலகைகள்

1978 ஆம் ஆண்டு தை மாதத்தில் சிக்காகோ நகரைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. வீட்டைவிட்டு வெளிச்செல்ல இயலாதிருந்த வாட் கிறிஸ்ரென்சன், றன்டி சூஸ் என்னும் இருவர், தொலைபேசி வழியாக எவரும் அழைத்துச் செய்தி எழுதவும் படிக்கவும் கூடிய ஒரு கணினி அறிவித்தற் பலகையை அமைக்கத் தொடங்கினர். அஃது அவ்வாண்டு பெப்ரவரி 16 ஆந் திகதி பொதுப் பாவனைக்கு வந்தது. அதனைப் பின்பற்றிப் பல நகரங்களிலே பலகைகள் எழுந்தன. பெரும்பாலும் ஒருவர் தம் வீட்டிலே ஒரு கணினியையும், ஒரு மோடெத்தையும், ஒரு தொலைபேசி இணைப்பையும் கொண்டு நடத்திய பலகைகள் அவை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருத்தல் வேண்டும். 1984 ஆம் ஆண்டில் ரொம் ஜெனிங்ஸ் என்பார் தொடங்கிய பிடோநெற் என்னும் அமைப்பு, இப்பலகைகளை இரவு நேரத்து அழைப்புகளால் ஒன்றோடொன்று இணைத்தது.

இப்பலகைகளிலே செய்திகள் மட்டுமன்றிச் செய்நிரல்களும் பரிமாறப்பட்டன. அவற்றுட் பல, பயன்படுத்திப் பார்த்துப் பிடித்தாற் பணம் அனுப்புக, பிறருக்கும் படியெடுத்துக் கொடுக்க என்று ஆக்கியோராலேயே விடுக்கப்பட்டவை. எனவே அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து செய்நிரலைப் பெறுவது களவுமன்று, ஐயத்துக்குரிய செயலுமன்று. ஆக்கியோர் விரும்பிய முறையே அதுவாகும்.

அக்காலத்து வேகத்தையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். தொடக்ககால மோடெங்கள் செக்கனுக்கு 300 பிற்றுகளையே அனுப்பின. இஃது ஏறத்தாழ 30 எழுத்துகளாகும். ஒரு நூறாயிரம் எழுத்தளவு கொண்ட கோப்பைப் பெறுவதற்கு 55 நிமிடங்கள் வரை செல்லும். பின்னர் வந்த 2400 பிற்று மோடெத்துக்கும் 7 நிமிடங்கள் வேண்டும். நெடுந்தூர அழைப்பாயின் ஒவ்வொரு நிமிடமும் பணமாகும். இதனாலே கோப்புகளைச் சுருக்கி அனுப்பி, பெற்றபின் விரிக்கும் செய்நிரல்கள் பலகை உலகின் உயிர்நாடியாயின. 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்க் என்பதும், பில் கற்ஸ் என்பார் ஆக்கி 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட பீகேசிப் என்பதும் அவற்றுட் புகழ் பெற்றவை.

இங்கு ஒரு நுட்பத்தை நோக்குக. சுருக்கும் முறை மாறுமாயின், புதிய பதிப்பினாற் சுருக்கப்பட்ட கோப்பைப் பழைய பதிப்பு விரிக்கமாட்டாது. ஊரார் புதிய பதிப்புக்கு மாறும்போது தாமும் மாறாதவர் கதவடைக்கப்பட்டவராவர். ஏனைய மென்பொருள்களிற் புதிய பதிப்பை நாடுவது விருப்பம். சுருக்கியைப் பொறுத்தவரை அது கட்டாயம். வஞ்சகர் தம் வலையை இவ்விடத்தில் விரித்ததில் வியப்பில்லை.

எண்ணை மாற்றிய வஞ்சகம்

ஆர்க் செய்நிரலின் பெயரோடு 5.13 என்னும் பதிப்பெண் தாங்கிய ஒரு கோப்பு 1980 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் பலகைகளில் உலாவியது. தோற்றத்தில் அது வழக்கமான ஆர்க் போன்றே இருந்தது. இயக்கியவுடன் வன்தட்டின் முதற் சுவட்டின்மேல் எழுதி அதனை அழித்தது. 5.14 என்ற எண்ணோடும் அதையொத்த ஒரு பொய் வந்தது. பில் கற்ஸ் பீகேசிப்புக்கு முன்னர் ஆக்கிய பீகேஆர்க் என்னும் சுருக்கிக்கும் அவ்வாறே பொய்ப் பதிப்புத் தோன்றியது. கணினித் திரையின் காட்சியைச் செம்மைப்படுத்தும் என்ற விளக்கத்தோடு வந்த வேறொரு செய்நிரல், உள்ளிருந்த கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டுத் தன்னை இயக்கியவரை எள்ளி நகையாடும் ஒரு வரியையும் திரையில் எழுதியது.

முதற் சுவட்டை அழித்தல் ஏன் அத்துணைக் கேடு விளைவித்தது என்பதை ஓர் உவமையால் விளக்குவோம். ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ள நூலகத்தில், எந்நூல் எத்தட்டில் உள்ளதெனக் கூறும் பட்டியலைத் தீயிட்டதாகக் கொள்க. அதனோடு நூல்களின் முதுகெழுத்துகளையும் அழித்து, ஏடுகளையும் கலைத்துவிட்டதாகக் கொள்க. நூல்கள் அழியவில்லை, ஆயினும் நூலகம் அழிந்தது. அக்காலத்து வன்தட்டின் தொடக்கப் பகுதியில் இருந்த கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை அத்தகையதொரு பட்டியலாகும். சில நொடிகளில் அதனை அழித்து, பல ஆண்டுகளின் உழைப்பைப் பயனிலதாக்க முடிந்தது.

1985 ஆம் ஆண்டில் ரொம் நெஃப் என்பார் இத்தகைய தீய கோப்புகளின் பெயர்களைத் தொகுத்துப் பலகைகளில் வெளியிட்டார். கொடிய பன்னிரண்டு என்னும் கருத்துடைய பெயர் பெற்ற அப்பட்டியல், பின்னர் எரிக் நியூஹவுஸ் என்பாரது பொறுப்பிற் பன்னிரண்டை வெகுவாகக் கடந்து வளர்ந்தது. அதிற் குறிக்கப்பட்டவற்றுள் ஒன்று தனித்து எண்ணத்தக்கது. நோட்ரோஜ் என்னும் அச்செய்நிரல், தீய செய்நிரல்களினின்றும் காக்கும் காவலன் என்று தன்னைக் கூறிக்கொண்டது. வன்தட்டுப் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தாலன்றி அது தன் தொழிலைத் தொடங்காது. இதன் வஞ்சகம் இருவகைப்பட்டது. புதிதாக வந்த கோப்பை வெறுமையான ஒரு கணினியில் இயக்கிப் பார்த்துத் தீங்கில்லையெனத் தெளியும் பலகைப் பொறுப்பாளரை அது எளிதில் ஏமாற்றும். இழப்பதற்கு மிகுதியாக உடையவரையே அது தாக்கும்.

1988 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. றொஸ் கிறீன்பேர்க் என்பார் தீய செய்நிரல்களைத் தடுப்பதற்கு புளூஷொற் என்னும் காவற் செய்நிரலை எழுதி வெளியிட்டிருந்தார். அதன் மூன்றாம் பதிப்பு மெய்யானது. நான்காம் பதிப்பு என்ற பெயரிற் பின்னர் உலாவியது, அவர் ஆக்காத நச்சுக் கோப்பாகும். காவலனை நாடியவர் கள்வனை வீட்டுக்குள் அழைத்தனர். கிறீன்பேர்க் தம் செய்நிரலின் பெயரையே மாற்றிப் புதிதாக வெளியிட வேண்டியதாயிற்று. பெயரைக் காப்பதற்காகப் பெயரைத் துறந்த இந்நிகழ்ச்சி, பொய்ப் பதிப்பு ஆக்கியோனுக்கு இழைக்கும் தீங்கையும் நமக்குக் காட்டுகின்றது.

பரப்பியவர் யாவர்?

கணினி வைரசும் இத்தகைய பொய்ச் செய்நிரலும் ஒன்றெனப் பலர் மயங்குவர். வைரசு தன்னைத் தானே படியெடுத்துப் பிற கோப்புகளிற் புகுவது. பொய்ப் பதிப்புக்கு அவ்வாற்றல் இல்லை. துரோய் நகரத்தார் மரக்குதிரையைத் தாமே இழுத்து நகருக்குட் கொண்டு சென்றதுபோல, மாந்தர் கைதான் இதனைக் கொண்டு செல்லல் வேண்டும். இதனாலேயே இதற்கு துரோயக் குதிரை என்னும் பெயர் வழங்குகின்றது.

அவ்வாறாயின் கொண்டு சென்றவர் யாவர்? அவர் தீயவரல்லர். பல பலகைகளில், கோப்பொன்றைப் பெறவேண்டுமாயிற் கோப்பொன்றைக் கொடுத்தல் வேண்டும் என்னும் விதி இருந்தது. பிறர் காணாத புதிய பதிப்பை முதலிற் கொணர்ந்தவருக்கு மதிப்பும் இருந்தது. ஒரு பலகையிற் கண்டதை உடனே மற்றொரு பலகைக்கு ஏற்றியவர், தாம் பொதுத் தொண்டு புரிந்ததாகவே கருதினார். பெறுபவரும் சோம்பேறியல்லர், தம் கருவியைச் செவ்வையாக வைத்திருக்க விரும்பியவர். வஞ்சகன் ஒருவன் ஒரு முறை மட்டும் ஏற்றினான். எஞ்சிய தூரமெல்லாம் நல்லோரே அதனைச் சுமந்தனர்.

பொய்ப் பதிப்பின் வேர் இங்கேயுளது. மடியையும் பேராசையையும் மட்டும் அது பற்றிக்கொண்டதாயின் நல்லொழுக்கமே அதற்கு மருந்தாகும். அதுவோ முயற்சியையும் உதவும் பண்பையும் பற்றிக்கொண்டது. ஆகவே நற்பண்போடு ஆராய்வும் சேர்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

எச்சரிக்கையும் திரிந்தது

பீகேசிப்பின் வரலாறு இவ்வுண்மையை வேறொரு பக்கத்தினின்றும் காட்டுகின்றது. 1993 ஆம் ஆண்டின் தொடக்கத்தையொட்டி அதன் 2.04 என்னும் பதிப்பு, பிழை திருத்தங்களோடு சிறிது கால இடைவெளியில் மும்முறை வெளிவந்து, 2.04ஜீ என்பதில் நிலைபெற்றது. அடுத்தடுத்துப் புதிய எண்களைக் காண்பதற்கு மக்கள் பழகிவிட்டனர். 1995 ஆம் ஆண்டில் பீகேஇசட் 300பீ என்னும் பெயரோடு ஒரு கோப்பு உலாவியது. மூன்றாம் பதிப்பின் முன்னோட்டம் போன்று தோன்றிய அது, வன்தட்டை அழிக்க முயலும் பொய்ச் செய்நிரலாகும். பில் கற்ஸின் நிறுவனம், தன் அண்மைப் பதிப்பு 2.04ஜீ மட்டுமே என்று அறிவித்தது.

அக்கோப்பை நேரிற் கண்டவர் மிகச் சிலர். அதைப் பற்றிய எச்சரிக்கையைக் கண்டவரோ எண்ணிலர். மின்னஞ்சல் பரவிய அக்காலத்தில் அவ்வெச்சரிக்கை கைமாறிக் கைமாறிப் பல ஆண்டுகள் உலகைச் சுற்றியது. சுற்றுந்தோறும் அதில் இடைச்செருகல்கள் ஏறின. பொய்ச் செய்நிரல் வைரசாயிற்று. 14.4 கிலோபிற்று வேகமும் அதற்கு மேலும் உள்ள மோடெங்களையும் அது கெடுக்கும் என்ற கட்டுக்கதை சேர்ந்தது. மெய்யான ஆபத்து அரிதாகி மறைந்த பின்னரும் அச்சம் மறையவில்லை. பொய்ப் பதிப்பைப் பரப்பிய அதே நல்லெண்ணம், அதே ஆராயாமை, பொய் எச்சரிக்கையையும் பரப்பியது என்பதை நோக்குக. இன்று கைத்தொலைபேசியில், அனைவருக்கும் அனுப்புக என்ற வேண்டுகோளோடு வரும் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

பொருளை நோக்கவோ, வாயை நோக்கவோ?

சொல்பவர் யாவரென்று பாராது சொல்லப்பட்டதன் உண்மையைப் பார்த்தலே அறிவு என்பது திருவள்ளுவர் நமக்குக் கற்பித்த நெறி. நூலையும் சொற்பொழிவையும் ஆராய்வதற்கு அதனினும் சிறந்த நெறியில்லை. மென்பொருளை ஆராயும்போது மட்டும் நாம் ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குகின்றோம். கணினிக்கென மாற்றப்பட்ட செய்நிரல், மாந்தர் படித்தறியக்கூடிய ஏடன்று. அதன் மெய்ப்பொருளைக் காணுதல் துறை வல்லுநர்க்கும் பல நாள் உழைப்பாகும். பொருளைக் காண இயலாவிடத்து, அது எவ்வாயினின்றும் வந்தது என்பதையேனும் திட்டமாக அறிதல் வேண்டும். இது அந்நெறிக்கு முரணாகாது. சொல்லியவர் இன்னார் என்பதும் இங்கே ஆராய்ந்து தெளியவேண்டிய ஒரு பொருளேயாம்.

வாயை அறிவது எங்ஙனம்? பெயரும் பதிப்பெண்ணும் சான்றாகா. 5.13 என்று எழுதுவதற்கு மூன்று இலக்கங்களும் ஒரு புள்ளியும் போதும். கோப்பின் அளவும் சான்றாகாது. சுருக்கிகள் கோப்போடு சேர்த்த சரிபார்ப்பெண் கம்பியில் நேரும் இரைச்சலாற் பழுதுற்றதா என்பதை அறியவே அமைந்தது. வேண்டுமென்றே ஒருவன் மாற்றியதைத் தடுக்கும் வலிமை அதற்கில்லை. மாற்றியவனே புதிய எண்ணையும் கணித்து இட்டுவிடலாம்.

இதற்கு விடை கணிதத்திலிருந்து வந்தது. 1976 ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவரும் பொதுத் திறவுகோல் என்னும் கருத்தை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவரும் அதனைச் செயற்படுத்தும் வழியைக் கண்டனர். அதன் சாரம் வருமாறு: ஆக்கியோனிடம் இணையான இரு திறவுகோல்கள் உள. ஒன்றை அவன் மறைத்து வைப்பான். மற்றதை உலகறிய வெளியிடுவான். மறைவானதைக் கொண்டு கோப்புக்கு இடும் முத்திரையை வெளியானதைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் அம்முத்திரையை வேறெவரும் இட இயலாது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. 1991 ஆம் ஆண்டில் பில் சிமர்மன் வெளியிட்ட பீஜீபீ என்னும் செய்நிரல் இவ்வாற்றலைப் பொதுமக்கள் கைக்குக் கொணர்ந்தது. இன்று நம் கருவிகள் பல, புதிய பதிப்பை ஏற்குமுன் இத்தகைய முத்திரையைத் தாமே சரிபார்க்கின்றன.

முத்திரைக்கு அப்பால்

முத்திரை வந்தபின் வஞ்சகம் ஒழிந்ததா என்று மாணவர் வினவலாம். ஒழியவில்லை, இடம் மாறியது. போலிக் கதவை அமைப்பதை விடுத்து, மெய்க் கதவுக்குள்ளேயே புக முயன்றனர். 2017 ஆம் ஆண்டு யூன் 27 ஆந் திகதி, உக்கிரேன் நாட்டிற் பரவலாகக் கையாளப்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருளின் மெய்யான புதுப்பித்தல் வழியாகவே அழிவுச் செய்நிரல் பரவியது. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான மேர்ஸ்க் என்பதும் அதிற் சிக்கியது. 2020 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட சோலர்வின்ட்ஸ் நிகழ்ச்சியில், நிறுவனத்தின் செல்லுபடியான முத்திரையோடு சென்ற நச்சுப் பதிப்பை ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர் பெற்றனர். 2024 ஆம் ஆண்டு பங்குனியில், எக்ஸ்செட் என்னும் சுருக்கியின் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் மறைவாயில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. நெடுங்காலம் நற்பணி புரிந்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பெயராலேயே அது புகுத்தப்பட்டிருந்தது. வழக்கத்தினும் அரைச் செக்கன் மிகுதியாகச் செல்வதை ஐயுற்று ஆராய்ந்த அந்திரஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளரால் அக்கேடு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. முத்திரை, இன்னார் அனுப்பியது என்பதற்குச் சான்று. அனுப்பியவர் வீட்டில் கள்வன் இல்லை என்பதற்குச் சான்றன்று.

இவற்றைக் கேட்டு, இனிப் புதிய பதிப்பே வேண்டாம் என்று துணிதல் மற்றொரு தவறாகும். 2017 ஆம் ஆண்டு மார்ச்சு 14 ஆந் திகதி விண்டோஸ் இயக்க முறைமையிலுள்ள ஓர் ஓட்டைக்கு அதன் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. மே 12 ஆந் திகதி அவ்வோட்டை வழியாக வன்னாகிறை என்னும் புழு உலகெங்கும் பாய்ந்தது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகள் பலவற்றின் பணி தடைப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்களுள் திருத்தத்தை ஏற்றிருந்த கணினிகள் அவ்வழியால் தாக்கப்படவில்லை. பொய்யை ஏற்றலும் மெய்யை மறுத்தலும் ஒரே அறியாமையின் இரு கிளைகளாம்.

மாணவர் கொள்ளத்தக்கன

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவனவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது: புதிய பதிப்பை ஆக்கியோரிடமிருந்தோ, கருவியிலேயே அமைந்த புதுப்பித்தல் வாயிலிலிருந்தோ பெறுக. வழியிற் குறுக்கிட்டு அழைக்கும் அறிவித்தலையும், நண்பர் அனுப்பிய கோப்பையும் வாயிலாகக் கொள்ளற்க. நண்பர் நல்லவரே, அவருக்குக் கொடுத்தவர் யாவரென்பதே வினா.

இரண்டாவது: பதிப்பெண் கண்டவிடத்து, அவ்வெண்ணை ஆக்கியோர் அறிவித்துளரா என்று ஒப்புநோக்குக. 1995 ஆம் ஆண்டில் இவ்வொரு சோதனையே போதுமானதாயிருந்தது.

மூன்றாவது: இன்றியமையாதனவற்றைப் படியெடுத்து, கணினியோடு இணையாத வேறிடத்தில் வைக்க. எல்லாக் காவலும் தோற்றவிடத்தும் தோலாத காவல் இதுவொன்றே. ஆர்க் 5.13 கண்டு அழுதவரும் சிரித்தவரும் இதனாலேயே வேறுபட்டனர்.

நான்காவது: எச்சரிக்கையாயினும் மூலத்தைக் கண்டறியாது பிறருக்கு அனுப்பற்க.

கல்லூரியை விட்டு நீங்கிய பழைய மாணவர் பலர் இன்று அலுவலகங்களிலும், வங்கிகளிலும், மருத்துவமனைகளிலும் பிறருடைய ஏடுகளைக் காக்கும் பொறுப்பில் உள்ளனர். ஒரு நோயாளியின் குறிப்பேடோ, ஒரு மாணவனின் பெறுபேறோ, ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதியக் கணக்கோ அவர் அழுத்தும் ஒரு விசையில் தங்கியிருத்தல் கூடும். வந்தது புதியதா என்று கேட்பதற்கு முன்னர், எவரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்று கேட்கும் பழக்கத்தை அவரும், அவரைப் பின்தொடரும் இளைய மாணவரும் கைக்கொள்வாராக. அவ்வினாவைக் கேட்பதற்கு ஒரு நிமிடம் செல்லும். கேளாமையாற் செல்வது பிறருடைய பல ஆண்டுகளின் உழைப்பாகும்.